கண்வலிக் கிழங்கைக் குடுவையில் வளர்க்கப்போகும் தம்பிக்கு



ஆய்வுக்குக் கண்வலிக் கிழங்கை எடுத்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டதும் மனம் நிறைந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் போகுமுன் பூக்கும் பருவத்தில் ஒருமுறை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போய் வா. காலையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தம் வைத்துக்கொண்டு போவார்கள். இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடுவதால் மகரந்தம் தானாக அதில் படுவது அரிது. கை பட்டால்தான் நிறையக் காய் பிடிக்கும். அந்தக் காயின் விதையைத்தான் கொல்கிசின் எடுக்க வாங்குகிறார்கள். கீல்வாதத்துக்குத் தரும் மருந்து அது.

நடவுக்கு விவசாயி கிழங்கைத் தேடி அலைகிறார். கவை போல் பிரியும் கிழங்கில் ஒவ்வொரு நுனிக்கும் ஒரு முளைதான். நுனி அடிபட்டால் கிழங்கு வீண். விதை போட்டு வளர்த்தாலோ பூக்கவே சில ஆண்டுகள் ஆகும். காட்டுக் கொடிகளைத் தோண்டித் தீர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீ செய்யப்போகும் திசு வளர்ப்பு வேலை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

மண்ணில் கிடந்த கிழங்கை அப்படியே வெட்டி வளர்ப்பு ஊடகத்தில் வைக்காதே. மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் எழுந்துவரும். சுத்தமான மணலில் முளைக்கவிட்டுப் புதுத் தளிர் நுனியை எடு. 1962இல் முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைக்காக வகுத்த ஊடகமே இதற்கும் போதும். பென்சைல் அடினைன் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்தால் தளிர் பெருகும். குடுவை நிறையப் பச்சையைப் பார்த்ததும் படம் எடுத்து எண்ணிக்கை எழுதிவிடத் தோன்றும். பொறுத்திரு. வெளிக்காற்றைத் தாங்கி, மண்ணில் கிழங்கு கட்டி, அடுத்த பருவத்தில் எத்தனை முளைத்தன என்பதை எண்ணு. விவசாயிக்குப் பயன்படுவது அந்த ஓர் எண்தான். ஊடகத்தில் சர்க்கரையைக் கூட்டிக் குடுவைக்குள்ளேயே சிறு கிழங்கு கட்ட வைக்கவும் முயன்று பார்.

தாய்ச்செடியை எப்படித் தேர்ந்தாய் என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பேன். கைக்குக் கிடைத்த கொடியைப் பெருக்கினால், சத்துக் குறைந்த ஒன்றே ஆயிரமாகிவிடும். பல ஊர்க் கொடிகளின் விதையில் கொல்கிசினை அளந்து, மிகுந்திருப்பதை எடு. நடவுக்கான செடியைத் திசுக்கட்டி (காலஸ்) வழியாக வளர்க்காதே. அதில் மரபு மாற்றங்கள் நுழைய இடம் அதிகம்.

அளப்பதில் கவனம் வேண்டும். கொல்கிசின் வெளிச்சம் பட்டால் லுமிகொல்கிசினாக மாறிவிடும். சாற்றை மேசையில் வெயில் படும்படி வைத்துவிட்டு உணவுக்குப் போனால், திரும்பி வந்து நீ அளப்பது செடி தந்த அளவு ஆகாது. பழுப்புக் குப்பியில் வை. குடுவைத் தளிரில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே உலர் எடைக்கே கணக்குச் சொல்.

திசுக்கட்டியிலிருந்தே மருந்தை எடுத்துவிடலாம் என்று பலர் முயன்றார்கள். செடி தரும் அளவுக்கு அது தருவதில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சாட்லியின் குழு நம் கண்வலிச் செடியின் மரபணுக்களைக் கொண்டே, ஃபினைல்அலனினும் டைரோசினும் கொல்கிசினை நோக்கி நகரும் பாதையைத் துலக்கியது. பதினாறு நொதிகளைப் புகையிலையின் உறவான ஒரு செடிக்குள் ஏற்றி, கொல்கிசினுக்கு முந்தைய சேர்மம் ஒன்றையும் உருவாக்கிக் காட்டியது. அந்தக் கட்டுரையை வரி விடாமல் படி. அந்தப் பாதை தொழிற்சாலை வரை வந்து சேரட்டும். அதுவரை மண்ணில் வளரும் செடிகளை நம்பித்தான் மருந்து இருக்கிறது.

இன்னொன்று. கொல்கிசின் அளவு மீறி உடலுக்குள் போனால் மருத்துவமனையில் எடுத்துத் தர முறிமருந்து கிடையாது. நுண்ணுயிர் நீக்கப் பயன்படுத்தும் பாதரசக் குளோரைடும் கொடிய நஞ்சு. கையுறை இல்லாமல் கிழங்கை வெட்டாதே, கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டாதே. குடுவை கழுவ வரும் அக்காவிடம் இதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல். அவருக்கும் கையுறை வாங்கிக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்