பல் பிடித்து ஏறும் வண்டி

நுழையும்முன்

கோடை விடுமுறை என்றதும் பயணமே நினைவுக்கு வருகிறது. எண்ணிய ஊருக்குச் செல்ல இயலாமல் போகும் கோடையும் உண்டு. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று அத்தகைய கோடையில் கழித்த ஒரு நாளைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

மே மாதத்தின் இறுதி வாரம். தில்லியில் வெப்பம் 40 பாகையைக் கடந்திருந்தது. 'லூ' எனப்படும் அனல்காற்று வீசியதால் முற்பகலிலேயே தெருக்கள் வெறிச்சோடின. அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியிலிருந்த ஓர் இல்லத்தில் நாள்காட்டி ஒன்று தொங்கியது. அதில் ஒரு நாளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. வட்டமிட்டவள் இளைய மகள். மேட்டுப்பாளையத்தில் வாழும் அம்மிச்சியின் வீட்டிற்குப் புறப்பட வேண்டிய நாள் அது.

அந்நாள் வந்தது, பயணம் அமையவில்லை. பயணச்சீட்டுகள் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டன. பிறிதொரு நாளில் செல்லலாம் என்றால் தந்தைக்கு விடுப்பு இல்லை. பன்னிரண்டு அகவை நிரம்பிய மூத்த மகள் ஒன்றும் பேசாதிருந்தாள். ஏழு அகவை நிரம்பிய இளையவளோ தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அண்மையில் விழுந்த தன் முன்பல்லை அம்மிச்சியிடம் காட்டுவதற்காக ஒரு தீப்பெட்டிக்குள் அவள் காத்து வைத்திருந்தாள்.

அன்று மாலை அம்மிச்சி கைப்பேசியில் அழைத்தார். பல் விழுந்த செய்தியைச் சொல்ல இளையவள் முயன்றாள். இரண்டு சொற்களுக்குப் பின் தமிழ் வரவில்லை. பள்ளியிலும் விளையாட்டிலும் பழகிய இந்தியில் எஞ்சியதைக் கூறினாள்.

"என்ன சொல்கிறாய் கண்ணு? எனக்கு விளங்கவில்லையே!" என்று அம்மிச்சி மும்முறை கேட்டார்.

சிறுமி கைப்பேசியைத் தாயின் கையில் திணித்துவிட்டு அகன்றாள். அன்றிரவு தாய் நெடுநேரம் உறங்கவில்லை. ஊருக்குச் செல்ல முடியாத வருத்தத்தைவிட, பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ள இயலாமற்போனதே அவரை வாட்டியது.

சனிக்கிழமை காலை தந்தை மகள்களை அழைத்தார்.

"அம்மிச்சி ஊர் வண்டியைப் பார்த்து வருவோமா?"

"தில்லியிலா?" என்று இருவரும் ஒருசேர வியந்தனர்.

சாணக்கியபுரியில் தேசிய இரயில் அருங்காட்சியகம் உள்ளது. 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகத்தில் பழைய நீராவிப் பொறிகளும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டுள்ளன. வெயில் ஏறுவதற்கு முன்பே சென்றுவிட வேண்டும் என்று தாய் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டினார். ஒரு பெரிய குப்பியில் நீர்மோரும் நிரப்பிக்கொண்டார்.

முதலில் சிறுவர்களுக்கான சிறிய தொடர்வண்டியில் வளாகத்தைச் சுற்றி வந்தனர். அடுத்து, பாட்டியாலாவின் ஒற்றைத் தண்டவாள வண்டியின் முன் மூத்தவள் நின்றுவிட்டாள்.

"ஒரே தண்டவாளத்தில் ஓடினால் வண்டி சாய்ந்துவிடாதா அப்பா?"

"எடையின் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்கும். மறுபுறம் பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு வரும். அதுவே வண்டியைச் சாயாமல் காக்கும்" என்றார் தந்தை. அவள் குனிந்து அச்சக்கரத்தைப் பார்த்த பின்னரே நகர்ந்தாள்.

சற்றுத் தொலைவில் நீலகிரி மலை இரயிலின் நீராவிப் பொறி நின்றது. அதைக் கண்டதும் தாயின் நடை விரைந்தது. பள்ளி நாள்களில் அவர் காலைதோறும் கேட்ட ஊதல் ஒலி இத்தகைய பொறியினுடையதே.

"மற்ற வண்டிகள் சக்கரத்தால் மட்டும் ஓடுகின்றன. இவ்வண்டி பல்லாலும் ஏறும்" என்றார் அவர்.

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். "இரயிலுக்குப் பல் உண்டா அம்மா?"

"உண்டு கண்ணு. செங்குத்தான சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். பொறியின் அடியிலுள்ள பற்சக்கரம் அப்பற்களைப் பிடித்துப் பிடித்து ஏறும். ஒரு பல் விடும்போது அடுத்த பல் பிடித்துக்கொள்ளும்."

"பொறி முன்னால் நின்று இழுக்குமா?"

"இல்லை. மலை ஏறும்போது பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும்."

கேள்விகள் தொடர்ந்தன. வீட்டில் சமையலுக்கும் வேலைக்கும் இடையே இத்தகைய கேள்விகள் எழும்போதெல்லாம், "பிறகு சொல்கிறேன்" என்பதே தாயின் விடையாக இருந்தது. அன்று அவர் ஒருமுறையும் அவ்வாறு கூறவில்லை. மர நிழலில் அமர்ந்து உண்ணும்போதும் பேச்சு நிற்கவில்லை. இந்தியில் கேட்ட கேள்விகளுக்கும் அவர் தமிழிலேயே விடையளித்தார். சரிவு, பொறி, ஊதல், வழுக்குதல் என்னும் சொற்களை இளையவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

அன்றிரவு அவளே அம்மிச்சியை அழைத்தாள்.

"அம்மிச்சி, உங்கள் ஊர் வண்டிக்குப் பல் இருக்கிறது. எனக்கு ஒன்று இல்லை!"

மறுமுனையில் எழுந்த சிரிப்பொலி அறை முழுவதும் கேட்டது. பின்னர் வண்டி மலை ஏறும் முறையை அவள் விளக்கத் தொடங்கினாள். இடையில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் தடுமாறினாள். இம்முறை கைப்பேசியைத் தாயிடம் கொடுக்கவில்லை. அம்மிச்சியும் பொறுத்திருந்து, "வழுக்கும் என்று சொல் கண்ணு" என்று எடுத்துக்கொடுத்தார்.

"விழுந்த பல்லை எறிந்துவிட்டாயா?"

"இல்லை. தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்."

"அப்படியே வைத்திரு. நீ வரும்போது நம் வீட்டு ஓட்டுக்கூரைமேல் எறியலாம்."

அடுத்த நாள் முதல் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் மகள்களின் கேள்விகளுக்கு உரியதாயிற்று. தீப்பெட்டி நாள்காட்டியின் அருகிலேயே காத்திருந்தது.

தெரிந்துகொள்வோம்

நீலகிரி மலை இரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர் செல்கிறது. குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டிலும் உதகமண்டலம் வரையிலான பாதை 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கர முறை பயன்படுகிறது. அங்கு மிகச் செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயரம் ஏறும். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சொற்பொருள்

அம்மிச்சி – தாயின் தாய் (கொங்கு வழக்கு)
அகவை – வயது
பொறி – எந்திரம்
குப்பி – புட்டி
ஒருசேர – ஒரே நேரத்தில்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நாள்காட்டியில் வட்டமிடப்பட்ட நாள் எது?
2. ஒற்றைத் தண்டவாள வண்டி சாயாமல் ஓடுவது எவ்வாறு?
3. தாய் அன்றிரவு உறங்காமைக்குக் காரணம் யாது?

ஆ. பிரித்து எழுதுக.
பற்சக்கரம், பயணச்சீட்டு, அனல்காற்று

இ. சிந்தித்து எழுதுக.
முதல் தொலைபேசி உரையாடலுக்கும் இரண்டாவதற்கும் இடையே இளையவளிடம் ஏற்பட்ட மாற்றம் யாது? அதற்குத் துணைநின்றவர் யாவர்?

ஈ. கடிதம் எழுதுக.
இக்கோடையில் நீ கண்ட ஓர் இடத்தைப் பற்றி, ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் கடிதம் எழுதுக. தெரியாத சொற்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிக.