வாய் திறந்தால் பதில், தாளில் வெறுமை

அன்புள்ள கயல்விழி,

வகுப்பில் கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்லும் மாணவன், தேர்வுத்தாளில் பாதியைக் காலியாக விடுகிறான் என்று எழுதியிருந்தாய். மற்ற ஆசிரியர்கள் அவனைச் சோம்பேறி என்கிறார்களாம். அந்த முடிவுக்கு நீயும் போய்விடாதே.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு நன்றாகப் போடுவான். எளிய சொற்களைக்கூட வாசிக்க வராது. பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். இன்று டிஸ்லெக்சியா என்கிறோமே, அதைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று. எழுத்தை ஒலியாக்கும் வேலை டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு மெதுவாக நடக்கிறது, களைப்பும் தருகிறது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் பள்ளியில் எப்படியோ சமாளித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் பிரித்ததும் திணறிப்போவதுண்டு.

உன் மாணவனுக்கும் இதே சிக்கல் இருக்கலாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. எது கஷ்டம் என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். வகுப்பில் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதே. அந்த ஒரு அவமானம் போதும், மறுநாள் வரமாட்டான். பாடக்குறிப்பை முன்கூட்டியே கொடு. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட்டுவிடு. தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் அவனுடைய செல்போனே படித்துக் காட்டும். படமாகப் போனால் பல செயலிகள் அதிலிருக்கும் எழுத்தைப் படிப்பதில்லை. உன் பாடத்தை அவன் ரெக்கார்டு செய்துகொள்ளவும் அனுமதி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளர், வைத்து எழுத அனுமதி பெற்றவர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் இன்னொரு மணி நேரம். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்ற காரணத்துக்காக ஸ்க்ரைப் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. மற்றவர்களுக்கு இது அநியாயம் என்று யாராவது சொன்னால், பாடத்திட்டமும் கேள்வியும் தேர்ச்சி மதிப்பெண்ணும் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அழுத்திச் சொல்.

பரிசோதனைக்கும் சான்றிதழுக்கும் நாளாகும். அதனால் இந்தப் பருவத் தேர்வு விண்ணப்பம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடு. தேர்வுப் பிரிவுக்கு அவனைத் தனியாக அனுப்பாதே, நீயும் கூடப் போ.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியை