அளவும் அதன் ஐயமும்

அளவின்றி அறிவியல் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. எனினும், அளந்த எண்ணை மட்டும் எழுதுவது பாதி விடைதான். அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும். இதுவே அளவீட்டு ஐயப்பாடு. மாணவர் கையிலுள்ள கைப்பேசியைக் கொண்டே இதனை நான் கற்பித்து வருகிறேன்.

கைப்பேசியினுள் முடுக்கமானி என்னும் உணரி உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலி அதன் அளவைத் திரையில் காட்டும். கைப்பேசியைச் சமமான மேசைமீது அசையாமல் வைத்தால், புவியீர்ப்பு முடுக்கம் தெரியும். கடைசி இலக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இது ஒழுங்கற்ற பிழை. நூறு அளவுகளின் சராசரியை எடுத்தால் இதனால் வரும் ஐயம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும்.

ஆயினும் சராசரி எல்லா நோய்க்கும் மருந்தாகாது. திரை மேல்நோக்கி இருக்கையில் 9.89 எனவும், கவிழ்த்து வைத்தால், குறியை விடுத்து, 9.69 எனவும் காட்டுவதாகக் கொள்வோம். ஆயிரம் முறை அளந்தாலும் இவ்வேற்றுமை நீங்காது. திருகு அளவியில் நாம் காணும் சுழிப்பிழை போன்றதே இது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.79 கிடைக்கும், சுழிப்பிழை 0.10 என்பதும் விளங்கும்.

“ஐயா, புத்தகத்தில் 9.81 என்றிருக்கிறதே, நம் விடை தவறா?” என மாணவர் கேட்பர். பாடத்தின் உயிர் இக்கேள்வியில்தான் இருக்கிறது. புவி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் இம்முடுக்கம் இடத்துக்கு இடம் வேறுபடும்: நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென் அமெரிக்காவின் கேயென் நகரில் மெதுவாக ஓடுவதை 1672-இல் ரிஷே கண்டார். 1821-இல் ஜான் கோல்டிங்காம் சென்னை வானாய்வகத்தில் வினாடி ஊசலின் நீளத்தை அளந்தார். 9.81 என்பது இலண்டன், பாரிசு போன்ற நகரங்களுக்குப் பொருந்தும் எண். ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்திலுள்ள நம் தருமபுரிக்குக் கணக்கிட்டால் வருவது 9.78.

இந்த வேறுபாட்டை நம் ஆய்வுக்கூடத்திலேயே காண இயலுமா? கைப்பேசியின் அளவுகோலிலேயே சிறு பிழை இருக்கலாம். ஆகவே தனி ஊசலையும் துணைக்கு அழைப்போம். ஒரு மீட்டர் ஊசல் 20 முறை அலைவுற 40.2 வினாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் 0.1 வினாடி ஐயம் எனில், முடுக்கத்தில் ஐயம் ±0.05 ஆகும், வேறுபாடு அதனுள் மறைந்துவிடும். வீச்சைச் சிறிதாக வைத்து 100 அலைவுகளை எண்ணி, நீளத்தையும் ஒரு மில்லிமீட்டர் திருத்தமாக அளந்தால், ஐயம் ±0.02-க்குள் அடங்கும்; வேறுபாடு வெளிப்படும்.

மதிப்பெண்ணுக்கு அஞ்சி விடையை 9.81-க்கு வளைத்து எழுதும் மாணவர், தம் மண்ணின் உண்மை அளவைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். செய்முறை ஏட்டில் 9.79 ± 0.02 என்று கண்டால், அந்த ±0.02 எப்படி வந்தது என்றே நான் முதலில் கேட்பேன். அதற்கு விடை சொல்லும் மாணவர் அளக்கக் கற்றுவிட்டார்.