முதலில் வட்டியை வெட்டுங்கள்

வருமானம் குறைந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதல் வெட்டு பாலிலும் காய்கறியிலும்தான் விழுகிறது. அடுத்தது பிள்ளைகளின் பழம், அதற்கும் அடுத்தது வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை. வட்டி மட்டும் வாராவாரம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் கற்ற பாடங்களில் தலையாயது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை நம்பியிருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். எனக்கு செக்கிங் வேலை. சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஆர்டர் இருக்கும் காலத்தில் நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின. எங்களுக்கும் ஒன்றரை ஷிப்ட் ஒன்றானது. வாரத்தில் சில நாள் வேலையே இல்லாமல் போனது. அந்த மாதங்களைக் கடக்க எங்களுக்கு உதவியவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடனை வட்டி வாரியாக எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொண்டோம்: யாரிடம் வாங்கியது, பாக்கி எவ்வளவு, நூற்றுக்கு மாதம் என்ன வட்டி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும். தவணை சின்னதாக இருந்தால் கடனும் சின்னது என்று மனம் நினைத்துக்கொள்ளும். மூன்றாவது பத்தியை நிரப்பும்போதுதான் உண்மை தெரியும்.

வாரத் தண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி 9,000 கையில் கொடுப்பார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி ஏறும். அதுவும் கந்துவட்டிக்குப் பக்கத்து வீடுதான்.

எங்கள் பட்டியலில் மேலே இருந்தவற்றை அடைக்க, வீட்டில் இருந்த நகையை வங்கியில் வைத்தோம். ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 1,500. அரசு வங்கி நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதத்தை ஒட்டி வட்டி என்றால், அதே தொகைக்கு மாதம் 375. மிச்சம் 1,125. ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தினம் ஒன்று வாங்குவதை அடியோடு நிறுத்தினாலும் மாதம் 600தான் மிச்சமாகும். பிள்ளைகளின் டம்ளரில் கைவைப்பதற்கு முன் கடனை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

இதில் மூன்று எச்சரிக்கை. நகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் வாங்காதீர்கள். அடைக்க வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள். வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள், கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கவனிக்காமல் விட்ட நகை ஏலத்துக்குப் போய்விடும். பழைய கடனை அடைத்த அன்றே புரோநோட்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையையும் திரும்ப வாங்கிவிடுங்கள். வட்டிக்காரர் மிரட்டினால் பயந்து இன்னொரு இடத்தில் கடன் வாங்க வேண்டாம். கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

வாரச் சம்பளம், மாதத் தவணை

சம்பளம் வாரத்துக்கு வருகிறது. வாடகையும் தவணையும் மாதத்துக்கு வருகின்றன. திருப்பூரில் பாதிக் கைமாற்று இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. வாடகை, தவணை, கேஸ், கரண்ட் எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுத்தோம். அந்தப் பங்கைச் சனிக்கிழமை ராத்திரியே தனிக் கணக்கில் போட்டுவிடுவோம். கூகுள் பே அந்தக் கணக்கோடு இணைந்திருக்காது. மீதிப் பணத்தில்தான் அந்த வாரம் ஓட வேண்டும்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு வீதம் போட்டால் 48. ஐந்து சனிக்கிழமை வருகிற மாதங்களில் அந்த ஐந்தாவது பங்குக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள். அதை ஜூன் மாதத்துப் பள்ளிக்கூடச் செலவுக்கும் தீபாவளிக்கும் என்று ஒதுக்கினால், அந்த நேரத்தில் கை நீட்ட வேண்டியிருக்காது.

தவணை தேதி சம்பளத்துக்கு முன்னால் விழுந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், வங்கி ஒரு பக்கமும் கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கமும் அபராதம் போடுவார்கள்.

உரிமையுள்ளதை விடாதீர்கள்

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு மட்டுமே நூறைத் தாண்டும். ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு நன்றாகவே வரும்; கடையில் மாவுப் பாக்கெட் வாங்குவது அத்தோடு நின்றது. ஊர்ப்பக்கம் அட்டை வைத்திருப்பவர்கள் முகவரியை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் ஷேர் ஆட்டோ காசு மிச்சம். அம்மாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே தருகிறார்கள்.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கும். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், தகுதி உள்ளவர்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசு கட்டிவிட்டுக் கேட்காமல் இருப்பவர்கள் எங்கள் லைனிலேயே நிறையப் பேர்.

மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகை விலை போய், சில யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். ரீடிங் எடுக்க வரும் முன் மீட்டரை ஒருமுறை நீங்களே பாருங்கள். லைன் வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்த இலவச யூனிட் உங்களுக்கு வராது. வீடு பார்க்கும்போது வாடகையோடு இதையும் விசாரியுங்கள்.

வெட்டக் கூடாதவை

முட்டை, பருப்பு, பால், மாத்திரை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. இங்கே உடம்புதான் ஷிப்ட் பார்க்கிறது. அது படுத்துவிட்டால் சம்பளமும் படுத்துவிடும். வங்கிக் கணக்கில் பிடிக்கும் ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டையும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்கானது.

முன்கூட்டியே வாய் திறவுங்கள்

மளிகைக் கடைப் பற்று நோட்டில் பாக்கி ஏறியபோது, கடைக்காரர் கேட்கும் முன் நானே போய்ச் சொன்னேன். "அண்ணா, வேலை கம்மியாயிருச்சுங்க. பழைய பாக்கியை வாராவாரம் கொஞ்சமாத் தர்றேன். இனி வாங்குறது கைக்காசுக்குத்தான்." அவர் சொன்னது, "நேர்ல வந்து சொன்னீங்களே, அது போதுமுங்க." எல்லோரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிந்து நடப்பவருக்கு யாரும் தவணை தர மாட்டார்கள்.

உறவுக்காரர் விசேஷங்களில் மொய் குறைந்ததற்கும் காரணத்தைச் சொல்லிவிட்டோம். பிள்ளைகளிடமும் அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில் சொன்னோம். இல்லாததை மறைக்கத்தான் அதிகம் செலவாகிறது.

ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணையைச் செலவில் கலக்க விடாதீர்கள். அதே தொகையைப் பட்டியலில் அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். கடைசிக் கடனும் முடிந்தால் தபால் நிலையத் தொடர் வைப்பில் போடுங்கள். மாதம் 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம். ஆர்டர் வரும், போகும். அது நம் கையில் இல்லை. ஒரு மாத வாடகைக்கும் அரிசிக்கும் போதுமான சேமிப்பு இருந்தால், அடுத்த முறை ஷிப்ட் குறையும்போது தண்டல்காரர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியிருக்காது.