நெஞ்சு படபடன்னு அடிச்சா பயமா? மாடிப்படியை விட்டுடாதீங்க

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிலீஸ் நாள் ராத்திரி. மணி ரெண்டு இருக்கும். லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்த எனக்குத் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சது. மூச்சு முட்டுது, கை நடுங்குது, உள்ளங்கை எல்லாம் வியர்வை. ஹார்ட் அட்டாக்தான்னு முடிவே பண்ணிட்டேன். ரூம்மேட் பைக்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "பேனிக் அட்டாக் தம்பி"ன்னார் டாக்டர்.

அதுக்கு அப்புறம் நான் பண்ணின தப்புதான் முக்கியம். இதயம் வேகமா துடிக்கிற எல்லா வேலையையும் நிறுத்திட்டேன். ரெண்டாவது மாடிக்குக்கூட லிஃப்ட். சனிக்கிழமை கிரிக்கெட் கிடையாது. பழனிக்குப் போனப்போ நான் வின்ச்ல போனேன், அம்மா படியேறி வந்தாங்க. நினைச்சா இன்னும் வெட்கமா இருக்கு. இவ்வளவு செஞ்சும் பயம் குறையல, கூடிக்கிட்டே போச்சு.

ஏன்னா, படி ஏறும்போது உடம்புல நடக்கிறதும் பயப்படும்போது நடக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பேனிக் வர்றவங்க மனசு இந்தத் துடிப்பையே ஆபத்துன்னு எடுத்துக்குது. உடனே பயம், பயத்தால இன்னும் அட்ரினலின், அதனால இன்னும் துடிப்பு. எங்க பாஷையில சொன்னா, வெளியே வர வழியில்லாத லூப். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-லேயே இதை விளக்கி எழுதியிருக்கார்.

துடிப்பைத் தவிர்த்துக்கிட்டே இருந்தா, அது வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு மூளை எப்படிக் கத்துக்கும்? உடற்பயிற்சியில நாமளே வேணும்னு துடிப்பை ஏத்துறோம். நின்னதும் கொஞ்ச நேரத்துல அது தானா இறங்குது. திரும்பத் திரும்ப இதைப் பார்க்கப் பார்க்க பயம் பழகிப்போகுது.

"ஓடினா எண்டார்ஃபின் வரும், அதான் நிம்மதி"ன்னு ஃபார்வர்டு நிறைய சுத்துது. ரத்தத்துல இருக்கிற எண்டார்ஃபின் மூளைக்குள்ள சுலபமா நுழையாதுங்க. 2015-ல ஜெர்மனி ஆய்வாளர்கள் சுண்டெலிகளை ஓடவிட்டுப் பார்த்தப்போ, பதட்டம் குறைஞ்சதுக்கு எண்டோகன்னாபினாய்டுங்கிற, உடம்பே தயாரிக்கிற வேற ஒரு வேதிப்பொருள்தான் காரணம்னு தெரிஞ்சது.

மனுஷங்ககிட்டயும் பார்த்திருக்காங்க. 1998-ல வெளிவந்த இன்னொரு ஜெர்மன் ஆய்வுல பேனிக் நோய் உள்ள 46 பேரை மூணு பிரிவா பிரிச்சு, 10 வாரம் கவனிச்சாங்க. ஒரு பிரிவுக்கு ஓட்டம், ஒண்ணுக்கு குளோமிப்ரமின் மாத்திரை, ஒண்ணுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை எடுத்தவங்களைவிட ஓடினவங்க நல்லா தேறினாங்க. ஆனா நிஜ மாத்திரை அதைவிடச் சீக்கிரமாவும் கூடுதலாவும் வேலை செஞ்சது. அதனால மருந்து எடுக்கிறவங்க யாரும் இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். படபடப்பு புதுசா வந்திருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. இதயம், தைராய்டு, ரத்தசோகை எதுவா வேணா இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடல் உழைப்பு வேணும்னு சொல்லுது. மிதம்னா பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். முதல் நாளே 150-ஐப் பிடிக்க வேண்டாம். நான் முதல் வாரம் ஒரே ஒரு மாடிதான் ஏறினேன். மேலே போனதும் போனைத் தொடாம நின்னு, துடிப்பு இறங்குறதை மட்டும் கவனிச்சேன். அடுத்த வாரம் ரெண்டு மாடி. மூணாவது வாரம் ஒருநாள் பழைய பயம் அப்படியே வந்துடுச்சு. படியிலேயே உட்கார்ந்துட்டேன், ஓடிப்போய் லிஃப்ட்ல ஏறல. பத்து நிமிஷத்துல அடங்கிடுச்சு. எனக்கு அந்த நாள்தான் பெரிய நாள்.

இந்த வருஷம் தைப்பூசக் கூட்டம் குறைஞ்சதும் அம்மாவோட பழனி போனேன். வின்ச் பக்கம் போகாம யானைப்பாதையில ஏறினோம். பாதியில நெஞ்சு நல்லாவே அடிச்சது. ஓரமா உட்கார்ந்தேன். அம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. குடிச்சுட்டு எழுந்து நடந்தோம்.