கையில் எழுநூறு ரிங்கிட்: கேமிங் கணினிக்குத் திரையும் விசைப்பலகையும்

"அண்ணே, சிபியூ பெட்டி ரெடி. மானிட்டரும் கீபோர்டும் எது வாங்கலாம்? கையில எழுநூறு வெள்ளிதான் மிச்சம்."

செனாய், கூலாய், ஸ்கூடாய் என்று எந்தப் பக்கம் போனாலும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான். தொகை மட்டும் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் மாறும். கணினியின் உள்பாகங்களைப் பற்றி மூன்று மாதம் ஆராய்ச்சி செய்த பிள்ளை, திரையையும் விசைப்பலகையையும் கடைசி நாளில், கடைக்காரர் கைகாட்டியதை வாங்கி வருகிறான். ஆனால் கண் பார்ப்பது திரையை. விரல் படுவது விசையில். உள்ளே இருக்கும் பாகத்தை நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம். நல்ல திரை அடுத்த கணினிக்கும் கூடவே வரும்.

எழுநூறு ரிங்கிட் சின்னக் காசு இல்லை. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். செனாய் தொழிற்பேட்டையில் அந்தச் சம்பளத்தில் நிற்கும் ஒரு தம்பிக்கு எழுநூறு ரிங்கிட் என்பது 80 மணி நேர வேலை. ஏறக்குறைய இரண்டு வாரம். சேமநிதிக்குப் போக கையில் வருவது 1,500 சொச்சம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் பாடத்தில் "இன்னும் இருநூறு போட்டா இன்னும் நல்லதா கிடைக்கும்" என்ற பேச்சே கிடையாது. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" தவணையும் வேண்டாம். திரைக்கு ஒரு தவணை, நாற்காலிக்கு ஒரு தவணை, ஹெட்செட்டுக்கு ஒன்று என்று சேர்ந்தால் சம்பள நாளன்றே பாதிச் சம்பளம் போய்விடும்.

முதலில் திரை. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பெட்டிக்குள் என்ன கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று பாருங்கள். திரை எத்தனை புள்ளிகள், விநாடிக்கு எத்தனை படங்கள் காட்ட முடியும் என்பது ஒரு பக்கம். அத்தனை படங்களைக் கார்டு வரைந்து தர முடியுமா என்பது இன்னொரு பக்கம். 1080பி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். 1440பி என்றால் 36 லட்சத்து 86 ஆயிரத்து 400. ஒரே கார்டு ஒவ்வொரு படத்துக்கும் முக்கால் மடங்குக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600 போன்ற சிக்கனமான கார்டு வைத்திருப்பவர்களுக்கு 1080பி-தான் பொருத்தம். தனிக் கார்டே இல்லாமல், சிப்பிலேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி ஓட்டுபவர்கள் வேகமான திரைக்குப் பணம் கட்டிப் பயனில்லை. 100 ஹெர்ட்ஸ் திரை ஒன்று வாங்கி, மிச்சப் பணத்தைப் பின்னால் கார்டு வாங்க ஒதுக்கலாம்.

அளவிலும் இதே கணக்குதான். 24 அங்குலத் திரையில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே 1080பி-யை 27 அங்குலத்தில் விரித்தால் 82 ஆகிவிடும். எழுத்து ஓரங்கள் மரம் அறுத்த மாதிரி தெரியும். கடைகளில் "பெருசா இருக்கு, விலையும் கம்மி" என்று காட்டுவது பெரும்பாலும் இந்த 27 அங்குல 1080பி-தான். 27 வேண்டுமென்றால் 1440பி-யில் வாங்குங்கள், அங்குலத்துக்கு 109 கிடைக்கும். அதற்குக் காசும் கார்டும் இல்லையென்றால் 24. நம் தாமான் வீடுகளில் மேசை சுவரை ஒட்டித்தான் இருக்கும். ஆழம் இரண்டு அடி. அந்தத் தூரத்துக்கு 24 தாராளம்.

அடுத்தது ஹெர்ட்ஸ். விளம்பரக்காரர்கள் அதிகம் விளையாடும் இடம் இது. ஹெர்ட்ஸ் என்றால் திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற எண். அதைத் திருப்பிப் போட்டால் ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கிடைக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கும். 100-இல் 10. 144-இல் 6.9. 180-இல் 5.6. 240-இல் 4.2. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 60-இலிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிவிநாடி லாபம். வாலொரண்ட்டில் மூலையைத் திரும்பும்போது அது கண்ணுக்கே தெரியும். 144-இலிருந்து 180-க்குப் போனால் லாபம் 1.4. 180-இலிருந்து 240-க்குப் போனால் 1.4. அதாவது முதல் படி ஏறியதும் பலன் முக்கால்வாசி கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை கூடும், பலன் குறையும். 144-க்கும் 180-க்கும் விலை வித்தியாசம் இருபது முப்பது ரிங்கிட் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். 240-க்கு இருநூறு அதிகம் கேட்டால் வேண்டாம். விநாடிக்கு 240 படம் உங்கள் கார்டு தராது என்றால் அந்த எண் பெட்டியின் மேல் அச்சடித்த அலங்காரம், அவ்வளவுதான்.

"1 மில்லிவிநாடி" என்று எல்லாத் திரையிலும் எழுதியிருக்கும். அதை நம்பித் தேர்வு செய்ய வேண்டாம். சில கம்பெனி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரத்தைச் சொல்கிறது. சில கம்பெனி பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி அளந்ததைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு அளவு. அந்த ஒன்றை எட்டுவதற்காகத் திரையை அளவுக்கு மீறி முடுக்கினால், நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் ஓடும்.

பேனல் வகைகளில் டிஎன் வேகம்தான், ஆனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் நிறம் செத்துவிடும். விஏ-யில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். இருட்டுக் காட்சியில் நகரும் உருவம் மை இழுத்த மாதிரி கலங்குவது மலிவான விஏ-யின் குணம். ஐபிஎஸ்-இல் கறுப்பு கொஞ்சம் வெளிறும், மற்றபடி நிறமும் கோணமும் சரியாக இருக்கும். அதே திரையில் அசைன்மெண்ட் எழுதி, தங்கச்சி ஆன்லைன் வகுப்பு பார்த்து, அம்மா படம் பார்க்கும் வீடு என்றால் ஐபிஎஸ்-தான். நம்மில் முக்கால்வாசிப் பேர் வீடு அப்படித்தானே?

ஃப்ரீசிங்க் என்று போட்டிருந்தால் போதும். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் அந்த வகைத் திரைகளோடு ஒத்துப்போகின்றன. ஜிசிங்க் என்ற பெயருக்காகத் தனியாகக் கட்ட வேண்டாம். மலிவுத் திரையில் எச்டிஆர் என்று ஒட்டியிருப்பதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டாம். அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் அந்தத் திரையில் இருக்காது. வளைந்த திரை 24 அங்குலத்தில் வெறும் அழகு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிவியை மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மாட்டலாம், கேம் மோடில் போட்டுச் சமாளிக்கலாம். சுடும் விளையாட்டுக்கு மட்டும் கை ஒன்று செய்ய, படம் தாமதமாக ஒன்று காட்டும்.

இத்தனையும் சேர்த்தால் என் கணக்கு இது: 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், 144 முதல் 180 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க். நான் கடைகளில் பார்த்த வரையில் ஐந்நூறு ரிங்கிட்டை ஒட்டி, பெயர் தெரிந்த கம்பெனியிலேயே கிடைக்கிறது. பின்பக்கம் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் பின்னால் உயரம் மாற்றும் கை மாட்டிக்கொள்ளலாம். அதுவரை இரண்டு தடித்த புத்தகம் போதும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்தால் கழுத்து பிழைக்கும்.

விசைப்பலகைக்கு மிச்சம் இருநூறு. அதையும் முழுசாகச் செலவழிக்கத் தேவையில்லை.

"கேமிங் கீபோர்டு" என்று வண்ண விளக்கோடு ஐம்பது ரிங்கிட்டுக்கு விற்பதில் பெரும்பாலானவை ரப்பர் படலம் வைத்தவை. பெட்டியில் "மெக்கானிக்கல் ஃபீல்" என்று எழுதியிருப்பார்கள். "ஃபீல்" என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்: அது மெக்கானிக்கல் இல்லை என்பதற்கு அவர்களே கொடுக்கும் வாக்குமூலம். உண்மையான மெக்கானிக்கலில் விசையின் மூடியைக் கழற்றினால் ஒவ்வொன்றுக்கும் கீழே தனியாக ஒரு சின்னப் பெட்டி, சுவிட்ச், இருக்கும். இதில் இன்று பரவலாக இருக்கும் அமைப்பை ஜெர்மனியின் செரி கம்பெனிதான் 1980-களில் கொண்டுவந்தது. அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், அவுட்டெமு, கெய்ல் போன்ற சீனக் கம்பெனிகள் அதே அமைப்பில் செய்ய ஆரம்பித்ததால்தான் இன்று நூறு நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு மெக்கானிக்கல் நமக்கு எட்டுகிறது.

சிவப்பு சுவிட்ச் சத்தமில்லாமல் நேராக இறங்கும். பழுப்பு நடுவில் ஒரு சின்னத் தடுக்கல் கொடுக்கும். நீலம் ஒவ்வொரு தட்டலுக்கும் 'டக்' என்று சொல்லும். கடையில் நீலத்தைத் தட்டிப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் செனாயில் நம் வீடுகளில் யாராவது ஒருவர் காலை ஆறு மணி பேக்டரி பஸ்ஸுக்கோ, நாலரைக்கே சிங்கப்பூர் பாலத்துக்கோ எழுந்து போகிறவர். சுவர் மெல்லியது. இரவு பதினொரு மணிக்கு நீல சுவிட்சில் டோட்டா ஆடினால் கீபோர்டு ஒரு வாரத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும், அப்பா கையாலேயே. சிவப்போ பழுப்போ எடுங்கள்.

அளவில், 61 விசை மட்டும் உள்ள குட்டிப் பலகை படத்தில் அழகாக இருக்கும். அம்புக்குறி விசைக்குக்கூட இரண்டு விரல் வேண்டும். படிக்கிறவர்களுக்கு அது தொல்லை. 87 விசைப் பலகையில் எண்பகுதி மட்டும் இல்லை, எலிக்கு இடம் கிடைக்கும். கணக்கியல் படிக்கும் தங்கச்சிகள், எக்செல் வேலை பார்ப்பவர்கள் மட்டும் 104-ஐ எடுங்கள். கம்பி வைத்ததே போதும், மலிவு, பேட்டரி கவலையும் இல்லை. சுவிட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய வகை கிடைத்தால் நல்லது: ஒரு விசை போனால் ஒரு சுவிட்சை மட்டும் வாங்கிச் செருகலாம். மலிவுப் பலகைகளில் சில, அவுட்டெமு சுவிட்சை மட்டுமே ஏற்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூடிகள் கழன்று வருவதில் இன்னொரு வசதி, சரஸ்வதி பூசையன்று வைத்த குங்குமம் உள்ளே இறங்கினாலும் துடைத்துவிடலாம். எதற்கும் பொட்டைச் சட்டத்தின் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கடையில், அது ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவோ கோலாலம்பூர் லோ யாட்டோ, பணம் கட்டுவதற்கு முன் திரையை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் செத்த புள்ளி தெரிந்துவிடும். ஒன்றிரண்டு செத்த புள்ளிக்கெல்லாம் மாற்றித் தராத கம்பெனிகள் உண்டு, அதையும் முன்பே கேளுங்கள். விசைப்பலகையில் நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் ஒருமுறை தட்டுங்கள். ஷிஃப்ட், டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் நான்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேறொரு எழுத்தைத் தட்டிப் பாருங்கள். அது விழவில்லை என்றால், விளையாட்டில் ஓடிக்கொண்டே குதிக்கும்போதும் விழாது.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கினால் 500 ரிங்கிட் வரையுள்ள பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில் விழலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா சிம் லிம் ஸ்குவேரில் வாங்கி வந்தால் பிளக்கும் மின்சாரமும் ஒன்றேதான். உத்தரவாதம் நம் பக்கம் செல்லுமா என்று மட்டும் பாருங்கள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி ஏமாற்றினால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனியாளிடம் வாங்கிய பழைய பொருளுக்கு இந்த வழி கிடைக்காது என்பதால், பழையது வாங்கும்போது சோதனையை இரண்டு மடங்காகச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. திரையின் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள். மேலே மதர்போர்டிலும் அதே மாதிரி ஒரு துளை இருக்கும், அதில் செருகினால் ஆயிரம் ரிங்கிட் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பழைய எச்டிஎம்ஐ துளையில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடலாம். பிறகு விண்டோஸ் அமைப்பில் டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ஹெர்ட்ஸை நீங்களே ஏற்ற வேண்டும். புதுத் திரை பல நேரம் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். 180-க்குக் காசு கட்டிவிட்டு ஒரு வருடமாக 60-இல் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மொழி அமைப்பில் தமிழையும் சேர்த்துவிடுங்கள். விசைமேல் தமிழ் எழுத்து அச்சடித்த பலகை தேவையில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகப் பழகிய அஞ்சல் முறையும், 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையும் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் உடனே வரும். தமிழ்99-இல் உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வருவதால், இரண்டு வாரம் பழகினால் வேகம் பிடித்துவிடும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் மொழி மாறும். விளையாட்டைத் திறக்கும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.