தரையை ஒட்டிய ஆபத்தில் காப்பாற்றும் இருக்கை

மாணவர்களே, மின்தூக்கி மேலே கிளம்பும் நொடியில் உடல் சற்றுக் கனப்பதுபோல் உணர்ந்திருப்பீர்கள். அந்த உணர்வு பல மடங்கு பெருகினால் எப்படி இருக்கும்? போர் விமானத்திலிருந்து அவசரமாக வெளியேறும் விமானிக்கு அப்படித்தான் இருக்கும்.

2024 மே 8ஆம் தேதி, தெங்கா ஆகாயப் படைத் தளத்தில் எஃப்-16 விமானம் ஒன்று மேலெழும்பும்போது கட்டுப்பாட்டை இழந்து, தளத்துக்குள்ளேயே விழுந்தது. விமானி இருக்கையுடன் வெளியேறி உயிர்தப்பினார். அவரால் நடக்கவும் முடிந்தது. விமானத்தின் மூக்கு மேலும் கீழும் சாயும் வேகத்தை அளக்கும் சுழல்மானிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஒரே நேரத்தில் ஒரே மாதிரியான தவறான தகவலைக் கணினிக்கு அனுப்பியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. சோதனைகளுக்குப் பிறகே எஃப்-16 பயிற்சிகள் மீண்டும் தொடங்கின.

வான்குடை விரிய உயரமும் நேரமும் தேவை. தரைக்கு அருகே இரண்டும் இல்லை. அந்த உயரத்தை இருக்கையே உண்டாக்கித் தருகிறது. விமானி கைப்பிடியை இழுத்ததும் மேல்மூடி கழன்று பறக்கிறது. வெடிமருந்தின் வாயு அழுத்தம் இருக்கையை வெளியே தள்ள, ராக்கெட் அதைப் பல மாடி உயரத்துக்குத் தூக்குகிறது. பிறகு வான்குடை விரிகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்திலிருந்துகூட இப்படி உயிர்தப்ப முடியும்.

இதற்கு உடல் தரும் விலை என்ன? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: இருக்கை 0.15 விநாடியில் மேல்நோக்கி 15 மீ/வி வேகம் பெறுவதாகக் கொள்வோம்.

முடுக்கம் = 15 ÷ 0.15 = 100 மீ/வி²

விமானியின் நிறை 70 கிலோகிராம் எனில், முடுக்கத்துக்குத் தேவையான விசை 70 × 100 = 7,000 நியூட்டன். அவருடைய எடையையும் தாங்க 700 நியூட்டன் வேண்டும் (புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி²). ஆக, இருக்கை அவரைத் தள்ளும் விசை 7,700 நியூட்டன். அவரது எடையைப்போல் 11 மடங்கு!

இந்த விசை முதுகெலும்பு வழியாகவே மேலே பரவுகிறது. குனிந்திருந்தால் முள்ளெலும்புகளின் முன்விளிம்பில் அழுத்தம் குவிந்து எலும்பு முறியலாம். அதனால்தான் முதுகை நிமிர்த்தி, தலையை இருக்கையில் சாய்த்துக்கொள்ள விமானிகள் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: அதே 15 மீ/வி வேகத்தை 0.30 விநாடியில் எட்டினால் விசை எவ்வளவு? விசை குறைந்தாலும், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப் பொறியாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்?